நோயே வராதவருக்கு எதற்கு காசநோய் மாத்திரை?

வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்தால், கூட இருப்பவர்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். "எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று பலர் போவதில்லை. தயவுசெய்து போங்கள்.

காசநோய்க் கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போனவுடனே நோய் வந்துவிடாது. வெள்ளையணுக்கள் அதைச் சூழ்ந்து சின்ன முடிச்சுக்குள் அடைத்துவிடும். கிருமி அங்கேயே பல வருடம் உயிரோடு கிடக்கலாம். இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது, அடுத்தவருக்கும் பரவாது. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசிய ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வரும். தொற்றிய முதல் இரண்டு வருடங்களில்தான் ஆபத்து அதிகம்.

சரி, அந்தச் சிலர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் சிக்கல். அடைபட்ட கிருமியை நேரடியாகப் பார்க்க வழியில்லை. அதைச் சந்தித்த நினைவு உடலில் இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். மாண்டூ டெஸ்டில் முன்கைத் தோலுக்குள் டியூபர்குலின் என்ற, காசநோய்க் கிருமியின் புரதச் சாற்றைத் துளியளவு போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரம் கழித்து, நர்ஸ் அந்த இடத்தை விரல் நுனியால் தடவி, தடிப்பின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்து, குறுக்கே ஸ்கேல் வைத்து அளப்பார். சிவந்திருப்பது கணக்கில்லை, தடித்திருப்பது மட்டுமே கணக்கு. பொதுவாக 10 மில்லிமீட்டர் இருந்தால் பாசிட்டிவ்.

ஆனால் பிறந்ததும் போட்ட காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியாலும் தோல் தடிக்கலாம். அதனால் வந்ததுதான் சைடிபி என்ற புதிய தோல் ஊசி. பிசிஜியில் இல்லாத, காசநோய்க் கிருமியில் இருக்கும் இரண்டு புரதங்கள் மட்டும் இதில் உண்டு. இக்ரா ரத்தப் பரிசோதனையும் அதே புரதங்களை வைத்துத்தான். அதற்கு ஆய்வகம் வேண்டும், செலவும் அதிகம்.

எந்த டெஸ்டாலும் நாளைக்கு யாருக்கு நோய் வரும் என்று சொல்ல முடியாது. எனவே பாசிட்டிவ் எல்லோருக்கும் மருந்து என்று கிளம்புவதில் பலனில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் என்று ஆபத்து கூடியவர்களுக்கே முன்னுரிமை. நோயாளி வீட்டில் 5 வயதுக்குள் குழந்தை இருந்தால், நோய் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, டெஸ்டுக்குக் காத்திராமல் தடுப்பு மருந்து தொடங்கலாம்.

அந்த உறுதிசெய்தல் முக்கியம். நோய் வந்துவிட்டவருக்குத் தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அதனால்தான் முதலில் அறிகுறிகளைக் கேட்டு, எக்ஸ்ரேவும் எடுக்கிறார்கள்.

மருந்து என்றால் ஐசோனியாசிட் தினமும் 6 மாதம். அல்லது அதோடு ரிஃபாபென்டின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம். இந்த இரண்டாவது முறையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளானால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம்.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் அனைவருக்கும் ஐசோனியாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட காலத்தில் நோய் குறைந்தது, நிறுத்தியதும் பலன் போய்விட்டது. சுற்றிலும் கிருமி இருக்கும்வரை மறுபடி தொற்றத்தான் செய்யும்.

ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. கிருமியை அடைத்துவைக்கும் அணுக்களுக்கும் சோறு வேண்டும். தடுப்பு மாத்திரை கொடுக்கும்போதே ரேஷனும் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?