மெசின் கத்தினால் முதலில் கையைப் பாருங்கள்

போன கிழமையும் ஒரு பிஸ்டுலா அடைபட்டுப் போனது. டயலிசிஸ் மெசினுக்கு இரத்தம் எடுக்கவும் சுத்தமாக்கித் திருப்பி விடவும் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்கிற வழிதான் பிஸ்டுலா. வயசான ஐயா ஒருவர், வேறோர் இடத்தில் டயலிசிஸ் செய்துவந்தவர். பல கிழமைகளாக நாளப் பக்கத்து, அதாவது இரத்தம் உடம்புக்குத் திரும்புகிற பக்கத்து, அழுத்த அலாரம் ஒவ்வொரு முறையும் அடித்திருக்கிறது. மகன் சண்டை பிடித்து வேறு மெசின் உள்ள கட்டிலுக்கு மாற்றுவித்தாராம். அங்கேயும் அடித்தது. பிறகு பம்பின் வேகத்தைக் குறைத்தார்கள், அலாரம் நின்றது, எல்லோருக்கும் நிம்மதி. எங்களிடம் வந்தபோது, பிஸ்டுலாவில் இரத்தம் ஓடினால் தெரிய வேண்டிய அதிர்வே கையில் இல்லை. இப்போது டயலிசிஸுக்குக் கழுத்தில் கதீற்றர் குழாய்.

மகன் இன்னமும் சொல்கிறார்: "அங்கை இருந்த மெசின் பழசு, மிஸி."

சரி, இன்னொரு தரம் சொல்கிறேன். ஒரே மெசினில் ஆள் மாற மாற அலாரம் அடித்தால் மெசினைத் திருத்துபவரைக் கூப்பிடலாம். ஆனால் ஒரே ஆளுக்கு எந்த மெசினில் போட்டாலும் அடிக்கிறதென்றால், பழுது அந்த ஆளின் கையில். கட்டில் மாறினாலும் கை கூடவே வருகிறதே! நாளப் பக்க எண் ஏறினால், சுத்தமான இரத்தம் திரும்பி உடம்புக்குள் போக வழி ஒடுங்குகிறது. மெசின் இரத்தத்தை இழுக்கிற நாடிப் பக்கத்து எண் மைனஸ் 250ஐத் தாண்டி இறங்கினால், பம்ப் இழுக்கிற அளவுக்கு இரத்தம் வரவில்லை. இதைத்தான் மெசின் கத்திச் சொல்கிறது.

இன்னொன்று, திரையில் தெரிகிற அந்த எண் உங்கள் பிறசரும் இல்லை. 'பிறசர் கூடிப்போச்சாம்' என்று வீட்டுக்குப் போய்க் குளிசையை இரட்டிப்பாகக் கொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறசர் விழுந்தால் பிஸ்டுலா அடைபடலாம். தெய்வமே!

குழாய் மடிந்திருக்கும், ஊசி நுனி நாளச் சுவரில் முட்டியிருக்கும், அழுத்தம் அளக்கிற இடத்துச் சின்ன வடிகட்டி நனைந்திருக்கும், இரத்தம் கட்டியாகியிருக்கும். இவற்றை நாங்கள் பார்த்துச் சரிசெய்வோம். சரிசெய்த பிறகும் அடுத்தடுத்த தடவைகளில் அதே அலாரம் வந்தால் விடாதீர்கள். பம்பைக் குறைப்பது வைத்தியம் ஆகாது. நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் வீதம் நாலு மணித்தியாலத்தில் 72 லீற்றர் இரத்தம் வடிகட்டிக்குள்ளால் போய்வரும். 200க்குக் குறைத்தால் 48 லீற்றர்தான். அலாரம் அடங்கும், அழுக்கு உடம்பிலேயே நிற்கும். டொக்டரிடம் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கான் பற்றிக் கேளுங்கள். ஒடுக்கத்தை நேரத்தோடு கண்டால் பலூன் வைத்து விரிக்கலாம். முழுதாக அடைபட்ட பிறகு காப்பாற்றுவது பெரும்பாடு, பல நேரம் இன்னொரு சத்திரசிகிச்சைதான்.

காலையும் இரவும் மற்றக் கையால் பிஸ்டுலாவைத் தொட்டுப் பாருங்கள். கிணற்றடியில் வோட்டர் பம்ப் ஓடும்போது குழாயில் கை வைத்தால் தெரிகிற அதிர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த டயலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் வழக்கமாக வடிகிற நாளம் வடியாமல் விறைத்து நின்றாலோ, ஊசி கழற்றிய பிறகு இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, கை வீங்கினாலோ சொல்லுங்கள்.

பிஸ்டுலா உள்ள கையில் காப்பு வேண்டாம், மணிக்கூடு வேண்டாம். அதில் பிறசர் பார்க்க விடாதீர்கள், இரத்தம் எடுக்க விடாதீர்கள். எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள், எங்களுடைய ஆட்களாக இருந்தாலும்தான். அந்தப் பக்கம் சரிந்து படுக்காதீர்கள், தண்ணி வாளி தூக்காதீர்கள். நல்லூர்க் கோயிலில் உருண்டு பிரதட்டை செய்ய நேர்த்தி வைத்திருக்கிற ஐயாமாரே, முருகன் கோவிக்க மாட்டான், இந்த முறை வீதியைச் சுற்றி நடந்து கும்பிடுங்கள்.

அலாரம் அடிக்காததாலேயே பயப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. நாளப் பக்கத்து ஊசி கழன்றால் இரத்தம் வெளியே ஓடும். மெசின் அதை எல்லா நேரமும் பிடிக்காது, ஊசி கொடுக்கிற தடையே அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிடும். போர்வைக்குக் கீழே நடந்தால் நாங்களும் காண மாட்டோம். ஏசி குளிர்ந்தால் காலை மூடுங்கோ, நெஞ்சை மூடுங்கோ அம்மா. ஊசி போட்ட கையை மட்டும் எங்கள் கண்ணில் படும்படி வெளியே விடுங்கோ.