இமை மேல் இரண்டு நிமிஷம் ஐஸ்

"அம்மாவுக்குக் காலையில் ஒன்றுமில்லை. ராத்திரி டிவி பார்க்கும்போது இடது இமை சரிந்துவிடுகிறது. டாக்டர் கண்மேல் ஐஸ் வைத்துப் பார்த்தார். இதென்ன வைத்தியம்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

வைத்தியமில்லை, பரிசோதனை.

'தெம்பில்லை' என்று வருபவரிடம் முதலில் தேடுவது, கோளாறு எந்த இடத்தில் என்பதைத்தான். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தலைசீவக் கை தூக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் தசை. கால் செருப்பு தெரியாமலே கழன்று விழுந்தால் நரம்பைச் சந்தேகிக்கலாம். திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்தால் மூளை; உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொட்டாசியம், தைராய்டு எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் வேலை செய்யச் செய்யத் தளர்ந்து, ஓய்வெடுத்தால் மீள்கிற பலவீனம் தனி ரகம். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக் கோளாறு அது. இமையில் தொடங்கினால், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சந்திப்பு என்றாலும் இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவே நூலிழையைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். எதிர்க்கரையில் தசையின் ஏற்பிகள் அதைப் பிடித்ததும் தசை சுருங்கும். கொட்டியது அங்கேயே கிடந்தால் அடுத்த கட்டளை எடுபடாதே? அதற்காகவே ஒரு நொதி காத்திருந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடுகிறது. நரம்பு தொடர்ந்து வேலை செய்தால் கொட்டும் அளவு குறையும். நமக்கு அது உறைக்காது, ஏற்பிகள் உபரியாக இருக்கின்றன. இந்த நோயிலோ உடலின் எதிர்ப்பு சக்தியே ஏற்பிகளை அழித்துவிடுகிறது.

இப்போது ஐஸ். குளிரில் அந்த நொதி மந்தமாகிவிடும். அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும், மிச்சமுள்ள ஏற்பிகளுக்கு இன்னொரு வாய்ப்பு. துணியில் சுற்றிய ஐஸை 2 நிமிஷம் வைத்து எடுத்தால், இந்த நோய் உள்ள பெரும்பாலோருக்கு இமை 2 மில்லிமீட்டராவது உயரும். ஸ்கேல் வைத்தே அளக்கலாம். சூடு திரும்பியதும் பழையபடி இறங்கிவிடும். மாத்திரை செய்வதும் இதைத்தான், நொதியைக் கட்டிப்போடுவது.

ஏற்பிகள் குறைவு என்று 1973-ல் எண்ணிச் சொன்னார்கள். எண்ண உதவியது, நம்மூர் கட்டுவிரியனின் தைவான் உறவுக்காரப் பாம்பின் விஷம். அது ஏற்பிகளைப் பிடித்தால் விடாது; ஒட்டிய விஷத்தை அளந்தால் ஏற்பிகளை எண்ணிய மாதிரி. பாம்பு விஷத்தை ஆராய எதற்குப் பணம் என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அம்மாவை அடுத்து மார்புக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கண்ணுக்கு வந்தவரை ஏன் அங்கே அனுப்புகிறார்கள் என்று குழம்ப வேண்டாம். எதிர்ப்பு சக்தி அணுக்கள் பாடம் படிக்கும் தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு அதில் கட்டி இருக்கும்.