ஈருருவம்: பூஞ்சையியலில் டைமார்பிசம் என்ற சொல்

கிரேக்கத்தில் 'டி' என்றால் இரண்டு, 'மோர்ஃபே' என்றால் உருவம். இரண்டும் சேர்ந்ததுதான் டைமார்பிசம். ப்ரிம்ரோஸ் செடிகளில் சூல்தண்டு நீண்ட பூ, குட்டையான பூ என்று இரண்டு வகை இருப்பதைப் பற்றி 1862-இல் எழுதிய டார்வினும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டார். ஆண்மயிலும் பெண்மயிலும் வேறு வேறாகத் தெரிவதற்கும் இதே பெயர். பூஞ்சைகளுக்கு வரும்போது பொருள் கொஞ்சம் மாறும்: அங்கே இரண்டு வகை ஆட்கள் இல்லை, ஒரே பூஞ்சையே ஈஸ்ட் போலத் தனிச் செல்லாக அரும்பியும் பெருகும், இழையாக நீண்டும் வளரும்.

தமிழில் ஈருருவம் என்று சொல்லலாம், தன்மையைக் குறிக்க ஈருருவத்தன்மை. உயிரெழுத்துக்கு முன்னால் இரண்டு என்பது 'ஈர்' ஆகும் (ஈராண்டு, ஈருடல்), ஆகவே 'இருஉருவம்' வேண்டாம். இருவடிவம் இலக்கணப்படி சரிதான், ஆனால் இங்கே மாறுவது வெறும் வடிவம் இல்லை, பிழைக்கும் முறையே மாறுகிறது, அதனால் எனக்கு உருவம்தான் பொருத்தமாகப் படுகிறது. உருமாற்றம் என்று மட்டும் எழுதாதீர்கள். அது புழு பட்டாம்பூச்சி ஆவதற்கு உரிய சொல்.

இந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் பூஞ்சை என்றால் அது மக்காச்சோளக் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் உஸ்டிலாகோ மேய்டிஸ். மெக்சிகோவில் இதன் வீங்கிய கதிர்களை விட்லகோச்சே என்று விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஈஸ்ட் உருவில் இருக்கும்போது சுருட்டு வடிவச் செல்கள், சத்து கிடைக்கும் இடத்தில் பேசாமல் பெருகும், பயிருக்கு ஒன்றும் செய்யாது. பொருந்தக்கூடிய இரண்டு செல்கள் சந்தித்தால்தான் கதை மாறும். 'ஏ' என்ற மரபணு இருப்பிடம் ஃபெரமோன் என்ற அழைப்பு வேதிப்பொருளையும் அதை உணரும் ஏற்பியையும் தருகிறது, அதை வைத்துச் செல்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணைகின்றன. அப்புறம் 'பி' இருப்பிடத்தின் முறை. அதில் பி-ஈஸ்ட், பி-வெஸ்ட் என்று இரண்டு மரபணுக்கள், ஆம், கிழக்கு மேற்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு செல்லின் கிழக்குப் புரதம் வேறு வகைச் செல்லின் மேற்குப் புரதத்தோடு மட்டுமே கைகோர்க்கும். ஒரே வகையிலிருந்து வந்த இரண்டும் சேராது. அந்த இணைதான் மற்ற மரபணுக்களை முடுக்கி, இழை வளர்ச்சியைத் தொடங்கிவைத்து, பூஞ்சையைச் செடிக்குள் அனுப்புகிறது.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். கரித்தூள் கலந்த கறுப்பு ஊட்டத் தட்டில் பொருந்தும் இரண்டு வகைகளைக் கலந்து துளியாக வைத்தால், அந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சுபோல இழைகள் எழும். தனித்தனியாக வைத்த துளிகள் வழவழவென்றே கிடக்கும்.

சரி, இழையானால் போதும், நோய் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. யுஏசி1 என்ற மரபணு, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதிக்கு உரியது. அதை நீக்கிவிட்டால் துணையே இல்லாத செல்லும் இழையாகத்தான் வளரும், ஆனால் நோயை உண்டாக்க முடியாது. உருவத்தை மாற்றுவதும் நோய் தருவதும் நெருங்கிய சங்கதிகள், ஒன்றே அல்ல. 'உருவ மரபணு', 'நோய் மரபணு' என்று ஆளுக்கொரு பட்டம் கட்டிவிடுவது இதனாலேயே எனக்கு உறுத்துகிறது.

நம் கரும்பில் குருத்தைக் கறுப்புச் சாட்டையாக நீட்டிவிடும் ஸ்போரிசோரியம் சைட்டமினியமும் ஈருருவப் பூஞ்சைதான், அதிலும் ஏ, பி இருப்பிடங்கள் உண்டு.

எழுதும்போது எந்த உருவில் நோய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கரிப்பூட்டையில் அது இழை உரு. மனிதர்களைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையில் நேர் எதிர்: மண்ணில் இழையாக இருக்கும், நுரையீரலுக்குள் 37 டிகிரி சூட்டில் ஈஸ்டாக மாறும்.