கொலைப் படம் பார்க்கும் மகளும் கவலைப்படும் தாயாரும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைச் சென்ற வாரம் ஒரு தாயார் என்னிடம் அழைத்துவந்தார். மகளின் கைபேசியை வாங்கி, அவள் பார்த்து முடித்த படங்களின் பட்டியலை என் மேசைமீது வைத்து, "இவள் மனத்தில் என்னவோ இருக்கிறது, டாக்டர்" என்றார். இம்மாதத்தில் இதே புகாருடன் வந்த நான்காவது குடும்பம் இது. அந்தப் பெண் நன்றாக உறங்குகிறாள், ஒழுங்காகத் தேர்வு எழுதுகிறாள், தோழிகளோடு சண்டையிட்டுச் சமாதானமும் ஆகிறாள். மருந்துச் சீட்டில் எழுத எனக்கு எதுவும் இல்லை.

கொலைப் படத்தை விரும்புகிறவர் கொலையையே விரும்புகிறார் என்று நினைப்பவர்கள், மருமகளின் பாலில் விஷம் கலக்கும் தொடர்களைத் தாங்கள் நாள்தோறும் பார்ப்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். பார்வையாளர் பெரும்பாலும் கத்தி ஏந்தியவன் பக்கம் நிற்பதில்லை. கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்பவளின் பக்கம்தான் நிற்கிறார். மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு முன்னறிவிப்பின்றி வெடித்தால் ரசிகருக்கு 15 நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் 15 நிமிடத் தவிப்பு என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கினார். அந்த 15 நிமிடமும் "எழுந்து போய்விடுங்களேன்" என்று நம் மனம் கதறுகிறதே, அதைக் கொடூரம் என்று எப்படிச் சொல்வது? ஆபத்து நீங்கிய பிறகும் உடலின் படபடப்பு உடனே தணிவதில்லை. எஞ்சிய அந்தக் கிளர்ச்சியே பின்வரும் நிம்மதியைப் பன்மடங்காக்குகிறது என்பது உளவியலாளர் டால்ஃப் சில்மன் முன்வைத்த விளக்கம். தொல்காப்பியர் அச்சத்தை, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களுள் கள்வரையும் சேர்த்திருக்கிறார். நம் திகில் படங்களில் பாதி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஆனால், "இது படம், நான் நாற்காலியில் பத்திரமாக இருக்கிறேன்" என்ற உணர்வு உள்ளவரையில்தான் அச்சம் இனிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த உணர்வு உறுதியாக இராது. "பார்த்துப் பழகட்டும், தைரியம் வரும்" என்று மடியில் வைத்துக்கொண்டு இரவுக் காட்சி பார்க்கும் தந்தையரே, தைரியம் வராது; தனியே கழிவறைக்குப் போகவும் பயப்படும் பிள்ளைதான் மிஞ்சும். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை அழைத்துச் செல்லாதீர்கள். 2024 முதல் 'யு/ஏ' சான்றிதழிலும் 7, 13, 16 என வயது குறிக்கப்படுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

பீதித் தாக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்களும், வன்முறையை நேரில் அனுபவித்தவர்களும் "என்னால் முடியவில்லை" என்று சொன்னால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். குழந்தை முகத்தை உங்கள் சட்டைக்குள் புதைத்துக்கொண்டால், இடைவேளை வரையில்கூடக் காத்திராமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.