முட்டி வலி மருந்து ட்ரயல்ல பஸ் சார்ஜ் எதுக்கு கேக்கறாங்க?

குடியாத்தத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவங்க அம்மா முட்டி தேய்மானத்துக்கு ஒரு புது மருந்து ட்ரயல்ல சேர்ந்திருக்காங்க. ரத்தம் எடுக்கறாங்க, எக்ஸ்ரே எடுக்கறாங்க, அது சரி, ஆனா ஒரு ஃபாரத்த வெச்சுகினு "பஸ்ஸுக்கு எவ்ளோ ஆச்சு, கூட வந்தவங்களுக்கு இன்னிக்கு கூலி போச்சா, நீங்களே குளிச்சுக்கறீங்களா, மனசு பாரமா இருக்கா"ன்னு கேக்கறாங்களாம். இதுக்கும் மருந்துக்கும் இன்னா சம்பந்தம், வசதிய பாத்துதான் மருந்து தருவாங்களோன்னு அம்மா பயந்துட்டாங்க.

அதெல்லாம் இல்லீங்க. ட்ரயல்னா குலுக்கல் போட்டு ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒண்ணுக்கு புது மருந்து, இன்னொண்ணுக்கு பழசு, யாருக்கு தேவலன்னு பாக்கறது, உங்களுக்கே தெரியும். ஆனா மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதும் அடுத்த கேள்வி வந்து நிக்கும்: இத கவர்மென்ட் காசு போட்டு வாங்கலாமா, இல்ல அதே காசுல வேற எதாவது பண்ணா இன்னும் நாலு பேர் நல்லா இருப்பாங்களா? முட்டி மருந்தையும் குழந்தைங்களுக்கான ரோட்டாவைரஸ் தடுப்பூசியையும் (நம்ம நாட்டு ஊசியோட பெரிய ட்ரயல் டெல்லி, புனேவோட சேத்து வேலூர்லயும் நடந்துச்சு) ஒரே தராசுல வைக்கணும்னா ரெண்டுக்கும் பொதுவா ஒரு படிக்கல் வேணும்ல.

அந்த படிக்கல் பேரு க்வாலி (QALY), அதாவது வாழ்ற வருஷத்த அதோட தரத்தால பெருக்கி வர்ற கணக்கு. முழு ஆரோக்கியமா வாழ்ற ஒரு வருஷம் = 1, சாவு = 0. முட்டி வலியோட வாழ்ற வருஷம் நடுவுல எங்கயோ. எங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறாங்கங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அத எங்க ஆயாகிட்டயே பண்ணி பாத்தேன்.

ஆயா ஊசூர்ல திண்ணைல உக்காந்துகினு மொச்ச உரிச்சுகினு இருந்துச்சு. "ஆயா, இந்த வலியோடவே 10 வருஷம் இருக்கறியா, இல்ல வலியே இல்லாம 9 வருஷம் போதுமா?" "ஒம்போது போதும்டா." எட்டு? "போதும்." ஆறு? கை நின்னுச்சு. "ஆறுன்னா சின்னவ கல்யாணத்த யார் பாக்கறது, வேணாம், வலியோடவே இருந்துக்கறேன்." அப்ப ஏழு? ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "ரெண்டும் ஒண்ணுதான் போ"ன்னுச்சு. நமக்கு வேண்டியது அந்த இடம்தான். 10 வருஷத்துக்கு 7 சமம்னா அந்த முட்டி வலி வாழ்க்கையோட மதிப்பு 0.7. எந்த மெஷினும் இல்ல, ஒரு கிழவி தன் ஆயுசுல எவ்ளோ விட்டுக்குடுக்க ரெடியா இருக்கான்னு பேரம் பேசியே வலிய அளந்தாச்சு! (அப்புறமா "அந்த மூணு வருஷம் யாருக்குடா போகும்?"னு கேட்டுச்சு. பதில் இல்ல.)

ட்ரயல்ல இந்த பேரமெல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச முடியாது. அதனால அஞ்சு கேள்வி: நடக்கறது, தன்னை தானே பாத்துக்கறது, வழக்கமான வேலை, வலி, கவலை. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு லெவல், மொத்தம் 3125 விதமான நிலைமை. ஊர் ஜனங்ககிட்ட முன்னாடியே பேரம் பேசி ஒவ்வொண்ணுக்கும் மதிப்பு போட்டு டேபிள் வெச்சிருக்காங்க, இந்தியாவுக்குன்னு தனி டேபிள் 2022ல வந்துச்சு. அஞ்சுலயும் கடைசி லெவல்னா மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழ போயிடும், அதாவது இதுக்கு செத்துடலாம்னு ஜனங்க சொல்றாங்க. குளிக்கறத கேட்டது இதுக்குத்தான்.

கணக்கு சுலபம். புது மருந்துக்கு 30,000 ரூபா கூட ஆகுது, மதிப்பு 0.6ல இருந்து 0.7 ஆகி ரெண்டு வருஷம் நிக்குதுன்னு வைங்க. 0.2 க்வாலி லாபம், அப்ப ஒரு க்வாலிக்கு ஒன்றரை லட்சம். பிரிட்டன்ல ரொம்ப வருஷமா 20,000ல இருந்து 30,000 பவுண்டு வரைக்கும் ஓகேன்னு வெச்சிருந்தாங்க, இங்க தலைக்கு ஜிடிபி எவ்ளோவோ அத வெச்சு பாக்கறது வழக்கம்.

செலவுல ஒரு வேடிக்க இருக்கு. நூறு பேர்ல ஒருத்தர் மட்டும் ஐசியூல கிடந்து லட்சக்கணக்குல ஆயிட்டா சராசரியே எகிறிடும், டாக்டருங்க அந்த மாதிரி ஆள பாத்தா நடுமதிப்ப (எல்லார் செலவையும் வரிசையா அடுக்கினா நடுவுல நிக்கற தொகை) எடுத்துக்கலாம்பாங்க, ஆனா பொருளாதாரக்காரங்க சராசரிய விட மாட்டாங்க, ஏன்னா பில்லு கட்டறவன் அந்த ஒருத்தருக்கும் சேத்துதான் கட்டணும்.

ஆஸ்பத்திரி செலவ மட்டும் கணக்கு போட்டா போதும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது ஒப்புக்கல. நம்ம பக்கம் பாதி செலவு பில்லுலயே வராது: காட்பாடில இறங்கி ஆட்டோ, லாட்ஜ் வாடகை, பீடி சுத்தற பொண்ணு கூட வந்ததால போன ஒரு நாள் கூலி. நடுவுல புத்தூர் கட்டு, மந்திரிச்ச கயிறுன்னு போன காசும் இருக்கும், வெக்கப்பட்டு மறைச்சுடுவாங்க. ட்ரயலுக்கு பணம் பத்தலன்னா இந்த செலவு ஃபாரத்ததான் மொதல்ல வெட்டறாங்கங்கறது என் ஆதங்கம், அப்புறம் மருந்து வந்த பிறகு விலை கட்டுமான்னு உக்காந்து ஊகிக்கறது.

அதனால அம்மாகிட்ட சொல்லுங்க, பஸ் டிக்கெட்ட தூக்கி போடாம பையில வெச்சுக்கட்டும், டீ குடிச்ச காசு வரைக்கும் சொல்லட்டும்.