சாண்ட்விச்சுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

படிப்புக்காக வெளியூரில் தனியறை எடுத்துத் தங்கவிருக்கும் வாசகர் ஒருவர், அடுப்பங்கரைப் பக்கமே போய்ப் பழக்கமில்லாத தமக்குச் சாண்ட்விச் செய்யும் முறையை முதலிலிருந்து விளக்குமாறு கேட்டிருக்கிறார். கூடவே இரண்டு ஐயங்களையும் எழுப்பியிருக்கிறார். வெண்ணெயை முதலில் தடவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வது ஏன்? ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்த பிரெட் மறுநாளே விறைத்துப்போவது ஏன்? செய்முறையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். கட்டுரை நீள்வதற்குக் காரணம் அந்த இரண்டு ஐயங்கள்தாம். இரண்டிலும் வினை புரிவது தண்ணீரே.

மும்பைத் தெருவோரங்களில் விற்கப்படும் காய்கறிச் சாண்ட்விச்சையே எடுத்துக்கொள்வோம். கடையில் துண்டுகளாக நறுக்கியே விற்கப்படும் சதுர பிரெட்டில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தில் மட்டும், இளகிய வெண்ணெயை ஓரம் வரை தடவ வேண்டும். அதன்மேல் கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கெட்டியாக அரைத்த சட்னியைப் பூச வேண்டும். ஒரு துண்டின்மீது, வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு வில்லைகளை முதலிலும், பிறகு பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றின் மெல்லிய வில்லைகளையும் அடுக்கி, உப்பும் சாட் மசாலாவும் தூவி, மற்றொரு துண்டை வெண்ணெய் தடவிய முகம் உள்ளே இருக்கும்படி கவிழ்த்து மூடி, லேசாக அழுத்தி, வெட்டிச் சாப்பிட வேண்டும். வெண்ணெய் முகம் உள்பக்கம் என்பதை நம்மில் பலர் சொல்லாமலே விட்டுவிடுவோம். சாண்ட்விச்சைப் பார்த்தே இராத ஒருவருக்கு அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். தக்காளியின் எடையில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். வெள்ளரிக்காயிலும் ஏறத்தாழ அதே அளவுதான். பிரெட்டின் மென்மையான உட்பகுதியிலோ சுமார் 40 விழுக்காடு தண்ணீரே இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்தோடும் புரதத்தோடும் பிணைந்து கிடக்கிறது. கட்டற்ற தண்ணீர் மிகுந்த பொருளும் குறைந்த பொருளும் ஒட்டி வைக்கப்பட்டால், மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கித் தண்ணீர் நகரும். பிரெட்டின் உள்ளே ஈஸ்ட் விட்டுச்சென்ற நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல அது சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த நுண்புழை ஏற்றம் இதுதான்.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே போடப்படும் அணையே வெண்ணெய். பாலில் தண்ணீருக்கு நடுவே கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. கடைந்தெடுத்த வெண்ணெயில் நிலைமை தலைகீழாகி, கொழுப்புக்கு நடுவே தண்ணீர்த் துளிகள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. கடையில் வாங்கும் வெண்ணெயில் 80 விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அந்தக் கொழுப்பு, அறை வெப்பத்தில் ஒரு பகுதி திரவமாகவும் ஒரு பகுதி நுண்படிகங்களாகவும் இருப்பதால், கத்தியால் தேய்த்தால் பரவும், பரவிய இடத்தில் படலமாக நிற்கும். உருக்கி ஊற்றினால் துளைகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், குளிரோடு தேய்த்தால் பிரெட்டைப் பிய்த்துவிடும். வெண்ணெய்க்குப் பதிலாகச் சிலர் தடவும் மயோனைஸில் தண்ணீரே தொடர்ச்சியான ஊடகம், எண்ணெய் அதில் துளிகளாக இருக்கிறது. ஆகவே அது வெண்ணெய் அளவுக்கு அணையாகாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க பீட்ரூட் உதவும். அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான பெட்டானின் நீரில் கரையும், கொழுப்பில் கரையாது. எனவே தண்ணீர் போன வழியெல்லாம் நிறமும் போகும். ஒரு பிரெட் துண்டின் பாதிப் பரப்பில் மட்டும் வெண்ணெய் தடவி, இரு பாதிகளிலும் பீட்ரூட் வில்லைகளை வைத்து, அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், வெறும் பாதியில் சிவப்பு ஆழமாக இறங்கியிருக்கும். வெண்ணெய்ப் பாதியில், கத்தி தவறவிட்ட இடங்களில் மட்டும் புள்ளிகளாகத் தெரியும். ஓரம் வரை தடவச் சொன்னதன் காரணம் அப்போது விளங்கிவிடும்.

உப்பைக் கடைசியில் தூவச் சொன்னதற்குச் சவ்வூடு பரவலே காரணம். நறுக்கிய வெள்ளரியின்மேல் விழுந்த உப்பு அங்குள்ள ஈரத்தில் கரைந்து அடர்ந்த கரைசலாகி, செல்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மூடுவதற்குச் சற்று முன் தூவினால் அதற்கு நேரம் கிடைக்காது.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான இரண்டாவது ஐயம். பிரெட் விறைப்பதைக் காய்ந்துபோவது என்றே நாம் நினைக்கிறோம். 1852இல் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூஸிங்கோ இந்த எண்ணத்தைச் சோதித்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடி வைக்கப்பட்ட ரொட்டியும் விறைத்துப்போனது. அதைச் சூடாக்கியபோது மீண்டும் மென்மையானது. தண்ணீர் வெளியே போகவில்லை என்றால், விறைப்பு எங்கிருந்து வந்தது?

கோதுமை மாவில் மாவுச்சத்து சின்னஞ்சிறு மணிகளாக இருக்கிறது. அவற்றில் பெரியவைகூட ஒரு மில்லிமீட்டரில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரு வகைச் சங்கிலிகள் உண்டு. கிளையின்றி நீளும் அமைலோஸ் ஏறத்தாழ கால் பங்கு, மரம்போல் கிளைவிடும் அமைலோபெக்டின் முக்கால் பங்கு. பச்சை மாவில் அமைலோபெக்டினின் கிளைகள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே அதிகம் புக முடியாது. பேக்கரி அடுப்பில் மாவின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது அந்த அடுக்கு குலைகிறது. தண்ணீர் உள்ளே நுழைகிறது. மணிகள் உப்பி, சங்கிலிகள் கலைந்து, கூழாகின்றன. சோறு வேகும்போதும், கஞ்சி கெட்டிப்படும்போதும் நடப்பது இதுவே.

அடுப்பை விட்டு வெளியே வந்ததும் எதிர்த்திசைப் பயணம் தொடங்கிவிடுகிறது. ஆறத் தொடங்கிய சங்கிலிகள் ஒன்றையொன்று தேடி, பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொள்கின்றன. நேரான அமைலோஸுக்கு இது எளிது. சில மணி நேரத்திலேயே அது கோத்துக்கொண்டு பிரெட்டுக்கு ஒரு நிற்கும் உடம்பைத் தந்துவிடுகிறது. சூடான பிரெட்டை வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்வதும், ஆறியதை வெட்டினால் சீரான துண்டுகளாக வருவதும் இதனால்தான். கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் நாட்கணக்கில் மெதுவாகவே அடுக்கிக்கொள்கிறது. அப்படி அடுக்கிக்கொள்ளும்போது, பிரெட்டுக்குள் இருக்கும் தண்ணீரும் இடம் மாறுகிறது. அதில் ஒரு பகுதி உட்பகுதியிலிருந்து வெளிப்புறத் தோலுக்கு நகர்கிறது. எடை போட்டால் தண்ணீர் அப்படியே இருக்கும், வாயில் போட்டால் வறண்டிருக்கும். 1920களில் காட்ஸ் என்ற டச்சு வேதியியலாளர் ஊடுகதிர்களை (எக்ஸ்-ரே) செலுத்திப் பார்த்தபோது, புதிய ரொட்டியில் இல்லாத படிக ஒழுங்கு பழைய ரொட்டியில் தென்பட்டது. குலைக்கப்பட்ட ஓர் ஒழுங்கு, யாரும் தூண்டாமலே, தன்னைத்தானே ஓரளவு மீட்டுக்கொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த மறு அடுக்கு நடக்க இரண்டு தேவைகள் உண்டு. சங்கிலிகள் அசையவும் வேண்டும், அசைந்த பின் பிரிந்துபோகாமல் தங்கவும் வேண்டும். வெப்பம் மிகுந்தால் தங்காது, உறைந்துவிட்டால் அசையாது. இரண்டுக்கும் நடுவே, உறைநிலைக்குச் சற்று மேலே, மறு அடுக்கு மிக வேகமாக நடக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் 4 டிகிரி அளவில் காத்துவைப்பது சரியாக அந்த வெப்பநிலையைத்தான். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துக் கிடப்பதும் இதே கதை. உறைபெட்டியில் வைத்தால் பிரெட் பல நாள் புதிதாகவே இருக்கும்.

அப்படியானால் ஃபிரிட்ஜே கூடாதா? சென்னை போன்ற ஈரமும் வெக்கையுமான ஊரில் வெளியே வைத்த பிரெட்டில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். பாக்கெட்டில் 282 என்று அச்சிட்டிருக்கும் கால்சியம் புரோப்பியோனேட் அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்திவிடாது. எனவே அப்படியே சாப்பிடப்போவதை வெளியிலும், வாட்டிச் சாப்பிடப்போவதை உள்ளேயும் வைப்பதே என் பரிந்துரை. அமைலோபெக்டினின் புதிய அடுக்கு 60 டிகிரியை ஒட்டிக் கலைந்துவிடும் என்பதால், வாட்டும்போது விறைப்பு நீங்கிவிடும். ஆனால் ஆறிய பின் அது திரும்பி வரும்.

பிரெட் என்றதும் மைதா குடலில் பசைபோல ஒட்டிக்கொள்ளும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நினைவூட்டுவோர் உண்டு. மாவுச்சத்து வாயில் உமிழ்நீர் பட்டதுமே சிதையத் தொடங்கி, சிறுகுடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்ள அங்கே எதுவும் மிஞ்சாது. மைதாவைப் பற்றிய நியாயமான குறை, நார்ச்சத்து குறைவு, ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் என்பதே. இந்திய பிரெட்டில் உண்மையான கவலைக்கு இடம் இருந்ததுண்டு. மாவைப் பதப்படுத்தச் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டின் எச்சம் பிரெட்டில் இருப்பதை, தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016இல் ஆய்வகச் சோதனையில் கண்டு வெளியிட்டது. அதே ஆண்டு அரசு அதைத் தடை செய்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் ஒரு பொருளை வெளிக்கொணர்ந்தது ஒரு சோதனையே தவிர, ஆயிரம் முறை பகிரப்பட்ட வதந்தி அன்று. மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கும், மாவட்டந்தோறும் இருக்க வேண்டிய உணவுச் சோதனைக் கூடங்களுக்கும் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கொஞ்சம் ரொட்டிக்கும் கிடைக்கலாம்.

சாண்ட்விச்சை வாட்ட விரும்பினால் வெளிப்புறத்திலும் சிறிது வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் மிதமான தீயில் இருபுறமும் பொன்னிறமாகும்வரை வைத்தால் போதும். பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது; அது ஆவியான பிறகே வெப்பம் ஏறி, 140 டிகிரிக்கு மேல் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் விரைந்து உண்டாகும். 1912இல் இதை விவரித்த லூயி கமீல் மையாரின் பெயரே இவ்வினைக்கு நிலைத்துவிட்டது.

வாட்டிய சாண்ட்விச்சைச் சூட்டோடு டிபன் பாக்ஸில் அடைத்தால், அதன் ஆவி மூடியில் பட்டுத் துளிகளாகி மேலேயே சொட்டும். எனவே கம்பிச் சல்லடை போன்ற ஏதேனும் ஒன்றின்மீது, அடியிலும் காற்றுப் படும்படி சில நிமிடங்கள் வைத்து, ஆவி அடங்கிய பிறகே மூட வேண்டும். மதியம் சாப்பிடுவதற்காக எடுத்துச் செல்வதானால், தக்காளியையும் வெள்ளரியையும் தனிச் சிமிழில் கொண்டுபோய், சாப்பிடும் நேரத்தில் உள்ளே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.