காட்டு புளூபெர்ரி விவசாயிகளுக்கு வயலிலேயே வகுப்பு ஏன்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் காட்டு புளூபெர்ரியைப் பொதுவாக யாரும் நட்டு வளர்ப்பதில்லை. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் கலந்த அமில மண்ணில், முழங்காலுக்கும் கீழேயே நின்றுவிடும் இச்செடி, மண்ணுக்கடியில் ஓடும் மட்டநிலத்தண்டுகள் வழியாகத் தானே பரவுகிறது. மரங்களை அகற்றி, களைகளை அடக்கி, அது பரவ இடம் கொடுப்பதே விவசாயியின் பணி. இதனால் ஒரே வயலில், மரபணுவில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட எண்ணற்ற குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரே செடியிலிருந்து பரவிய கூட்டம்) திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. அடுத்தடுத்த இரு திட்டுகள்கூட வெவ்வேறு நாளில் துளிர்த்து, வெவ்வேறு நாளில் பூக்கும். இத்தகைய பயிருக்கு, 'இன்ன தேதியில் இன்ன மருந்து' என்று அச்சடித்துக் கொடுக்கும் பரிந்துரை அவ்வளவாக உதவாது.

பல்கலைக்கழக ஆய்வை விவசாயிகளிடம் சேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணிக்கு 1914ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அங்கே அடித்தளமிட்டது. அந்த வழியில் வந்த மெய்ன் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை, ஜோன்ஸ்போரோவிலுள்ள பல்கலைக்கழகத்தின் புளூபெர்ரி ஆய்வுப் பண்ணையிலும் விவசாயிகளின் வயல்களிலும் பயிற்சிக் கூட்டங்களை நடத்துகிறது. இவற்றுள் வசந்தகால வயல் கூட்டமே மிக முக்கியமானது என்பது என் கருத்து. அதன் காரணம் ஒரு பூஞ்சையின் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது.

முந்தைய கோடையில் அந்தப் பூஞ்சை தாக்கிய காய்கள் சுருங்கி, கெட்டிப்பட்டு, உதிர்ந்து, குளிர்காலம் முழுவதும் சருகுகளுக்கு அடியில் கிடக்கின்றன. மண் இளகும் வசந்தத்தில் அவற்றிலிருந்து சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பழுப்புநிறக் கிண்ணங்கள் முளைத்து, பூஞ்சையைப் பரப்பும் நுண்ணிய வித்துகளைக் காற்றில் வீசுகின்றன. ஆனால் வித்து பறந்ததாலேயே நோய் வந்துவிடாது: மொட்டு விரிந்து இளம்பச்சைத் திசு வெளித்தெரிய வேண்டும், அதன்மீது சில மணி நேரமாவது தொடர்ந்து ஈரம் நிற்க வேண்டும், குளிர் மிகுந்தால் அந்த நேரம் இன்னும் நீள வேண்டும். இவை யாவும் ஒன்றுகூடும் நாள்களை ஒட்டித் தெளித்தால்தான் மருந்து பலன் தரும். வெப்பத்தையும் ஈரத்தையும் வானிலைக் கருவிகள் அளந்துவிடும். தன் வயலில் கிண்ணம் முளைத்துவிட்டதா, மொட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை விவசாயியே மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். சருகின் நிறத்திலேயே இருக்கும் அக்கிண்ணத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர் தரையில் எளிதில் கண்டுபிடிக்க மாட்டார். அதனால்தான் கூட்டத்தில் கைலென்ஸோடு தரையைத் துழாவக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பது வியப்புக்குரியது. தாக்கப்பட்டுக் கருகிய இலை, புறஊதா ஒளியைப் பூவைப் போலப் பிரதிபலித்து, இனிப்பையும் சுரக்கிறது. அதை நாடி வரும் பூச்சிகள் புதிய வித்துகளைச் சுமந்துசென்று உண்மையான பூக்களில் சேர்க்க, பூஞ்சை மகரந்தம் செல்லும் வழியிலேயே சூலகத்துக்குள் இறங்கி, அடுத்த ஆண்டுக்கான சுருங்கிய காயை உருவாக்கிவிடுகிறது.

மே, ஜூன் மாதங்களில் காவடிப்புழு போன்ற இலைதின்னிகளைக் கணக்கிட, வலையை ஒரே சீராகப் பத்து முறை வீசி, சிக்கிய புழுக்களை எண்ணப் பழக்குகிறார்கள். எண்ணிக்கை பொருளாதார சேத நிலையை, அதாவது புழுவால் வரும் இழப்பு மருந்துச் செலவை மிஞ்சும் அளவைத் தாண்டினால் மட்டுமே மருந்து. எல்லோரும் ஒரே விதமாக வீசினால்தான் எண்களை ஒப்பிட முடியும். எளிதாகத் தோன்றும் இதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

கோடையில் பழ ஈ வருகிறது. இங்கே பயிரின் ஈராண்டுச் சுழற்சியை நினைவில் கொள்ள வேண்டும்: ஓர் ஆண்டு செடிகளைத் தரையோடு வெட்டியோ எரித்தோ கவாத்து செய்தால், மறு ஆண்டுதான் காய்க்கும். சென்ற ஆண்டு பழங்களிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய புழு கூட்டுப்புழுவாகக் குளிரைக் கழித்து ஈயாக வெளிவரும்போது, அந்த வயல் கவாத்து செய்யப்பட்டு, பழமில்லாமல் கிடக்கும். ஆகவே ஈக்கள் அருகிலுள்ள காய்க்கும் வயலைத் தேடி, அதன் ஓரத்தின் வழியாக நுழைகின்றன. மஞ்சள் ஒட்டுப்பொறிகளை ஓரங்களில் வைத்துக் கவனித்தால், வயல் முழுவதற்கும் தெளிக்காமல் ஓரப் பட்டைக்கு மட்டும் தெளித்தே பல சமயம் சமாளிக்கலாம். எந்த ஓரத்தில் பொறியை முதலில் வைப்பது என்று முடிவுசெய்ய, பக்கத்து வயல்காரர் சென்ற ஆண்டு எந்தப் பகுதியில் அறுவடை செய்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவரும் அதே கூட்டத்துக்கு வந்திருப்பார்.